ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை எங்கே சறுக்குகிறது? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்வது

ஆய்வு நன்றாக நடந்திருக்கும், தரவும் சுத்தமாக இருக்கும். ஆனாலும் கட்டுரை திரும்பி வந்துவிடும். மதிப்பீட்டாளர் குறிப்பில் "இதில் புதிதாக என்ன?" என்றோ "நோக்கம் தெளிவாக இல்லை" என்றோ ஒரே ஒரு வரி இருக்கும். மாணவர்களின் வரைவுகளைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தி வருகிறேன். இப்படித் திரும்பி வந்ததை எடுத்துப் பார்த்தால், சோதனையிலோ கணக்கிலோ கோளாறு இருப்பதைவிட முதல் இரண்டு பக்கங்களில் கோளாறு இருப்பதைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். அது வருத்தமான விஷயம். மூன்று ஆண்டு உழைப்பு இரண்டு பக்கத்தால் வீணாகக் கூடாது.

முன்னுரைக்கு ஒரே வேலைதான். உங்கள் கேள்வியை வாசகரின் கேள்வியாக மாற்றுவது. கீழே வரும் எல்லா அறிகுறிகளும் அந்த வேலை எங்கோ தடைபட்டதன் அடையாளங்கள். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வரைவில் எது தெரிகிறதோ அங்கே போங்கள்.

கூடவே ஒரு மாதிரிக் கட்டுரையை வைத்துக்கொள்வோம். தருமபுரி மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. குழாயில் காவிரி நீர் வந்த பிறகும் சோறு வடிக்க எந்தத் தண்ணீரை எடுக்கிறார்கள் என்று ஒரு மாணவி ஆராய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மாணவியும் கட்டுரையும் விளக்கத்துக்காக நான் கட்டியவை.

அறிகுறி: முதல் பத்தியை வேறு எந்தக் கட்டுரையிலும் ஒட்டலாம்

"நீரின்றி அமையாது உலகு. பூமியின் மேற்பரப்பில் 71 விழுக்காடு நீரால் சூழப்பட்டுள்ளது. மனிதன் உயிர்வாழ நீர் இன்றியமையாதது. இன்றைய காலகட்டத்தில் நீர் மாசு பெரும் அறைகூவலாக உள்ளது."

மாணவியின் வரைவு இப்படித் தொடங்குகிறது என்று கொள்வோம். தலைப்பைக் கையால் மறைத்துவிட்டு இந்த நான்கு வரிகளை ஒரு நண்பரிடம் கொடுத்து, கட்டுரை எதைப் பற்றியது என்று கேளுங்கள். கடல்நீரைக் குடிநீராக்குவது, நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு, ஏரி ஆக்கிரமிப்பு என்று எதை வேண்டுமானாலும் சொல்வார். அதுதான் சோதனை.

பெரும்பாலும் மருந்து எளிது: முதல் பத்தியை வெட்டிவிட்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். அது போதவில்லை என்றால் இன்னொன்றையும் வெட்டுங்கள். ஊர், பொருள், அளவு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு வந்து சேரும் வாக்கியம் எதுவோ, உங்கள் கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது. மாதிரியில் அது நான்காவது பத்தியில் ஒளிந்திருக்கும்: "தருமபுரி மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு, வேறு நீர் கிடைக்காத இடங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் அனுமதிக்கும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டுகிறது." இதை முதலில் வையுங்கள். "நீரின்றி அமையாது உலகு" எனக்கும் பிடித்த குறள்தான். ஆனால் அது எந்தக் கட்டுரைக்கும் ஆதாரம் ஆகாது.

அகராதிப் பொருளோடு தொடங்குவதும் இதே நோயின் இன்னொரு வடிவம். "ஃபுளோரைடு என்பது..." என்று தொடங்கினால் அதை அறிந்தவர் தாண்டிப் போவார், அறியாதவர் அந்த ஜர்னலைப் படிக்கப் போவதில்லை. நீங்கள் ஒரு சொல்லை வழக்கத்துக்கு மாறான பொருளில் ஆள்கிறீர்கள் என்றால் மட்டும் வரையறை கொடுங்கள். அதையும் அந்தச் சொல் முதலில் வேலை செய்யும் இடத்தில் கொடுங்கள்.

அறிகுறி: "இதில் புதிதாக என்ன?" என்று மதிப்பீட்டாளர் கேட்கிறார்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மற்றதெல்லாம் தும்மல், இது காய்ச்சல்.

மொழியியலாளர் ஜான் சுவேல்ஸ் 1981இல் 48 ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளைப் பிரித்துப் பார்த்தார். 1990இல் அதைச் செம்மைப்படுத்தி மூன்று நகர்வுகளாகச் சொன்னார். முதலில் களத்தைக் காட்டுவது, பிறகு களத்தில் காலியிடத்தைக் காட்டுவது, கடைசியில் அந்த இடத்தில் அமர்வது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போலத்தான். நம் வரைவுகளில் முதல் நகர்வு மூன்று பக்கத்துக்கு ஓடும், மூன்றாவது ஒரு வரியில் முடியும். நடுவில் வர வேண்டிய காலியிடம் ஒன்று இல்லாமலே போகும், அல்லது இப்படி வரும்:

"இந்த வட்டத்தில் இதுவரை யாரும் இத்தகைய ஆய்வை மேற்கொள்ளவில்லை."

இதை ஆய்வு இடைவெளி என்று நம்புகிறோம். மதிப்பீட்டாளர் மனத்தில் எழும் பதில்: "தேவைப்பட்டிருக்காது, அதனால் செய்யவில்லை." பக்கத்து வட்டத்தில் கிடைத்த முடிவே இங்கும் கிடைக்கும் என்றால் இங்கே எதற்குத் தனியாக? யாரும் செய்யவில்லை என்பது ஒரு தகவல், அவ்வளவுதான். செய்யாமல் விட்டதால் எந்தக் கணக்கு தவறாகிறது என்று காட்டும்போதுதான் அது இடைவெளி ஆகிறது.

அதைக் கண்டுபிடிக்க நான் மாணவர்களிடம் கேட்பது ஒரு கேள்வி: முந்தைய ஆய்வுகள் வாய்விட்டுச் சொல்லாமல் எதை நம்பிக்கொண்டிருக்கின்றன? மாதிரிக் கட்டுரைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். உடலுக்குள் போகும் ஃபுளோரைடைக் குடிநீரை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், வீட்டில் சமையலும் அதே நீரில் நடக்கிறது என்று நம்புவதாகிறது. குழாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் வீட்டில் அப்படி நடக்குமா? பிடித்துவைத்த நல்ல தண்ணீர் குடிக்க, மோட்டார் தண்ணீர் மற்றதற்கெல்லாம். அரிசி வேகும்போது தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, பருப்பும் அப்படியே. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போய்விடாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். அப்படியானால் குழாய் நீரை அளந்து "பிரச்சினை தீர்ந்தது" என்று சொல்லும் கணக்கில் அடுப்பங்கரை விடுபட்டுப் போகிறது.

இப்போது இடைவெளியை எழுதலாம்: "குழாய் நீரின் அளவை மட்டும் கொண்டு உட்கொள்ளும் ஃபுளோரைடு குறைந்துவிட்டதாகக் கொள்ள முடியாது, சமையலுக்கு எடுக்கப்படும் நீர் எது என்பது தெரியாதவரை அந்தக் கணக்கு முழுமை பெறாது." வட்டத்தின் பெயரே இதில் இல்லை, ஆனாலும் வேறு மாவட்டத்துக்காரரும் தன் ஊரை நினைத்துக்கொண்டு மேலே படிப்பார்.

பெரிய கட்டுரைகளில் இது எவ்வளவு நேராக நடக்கிறது என்று பார்க்க, வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரல் 25 அன்று நேச்சர் இதழில் எழுதியதை எடுங்கள். மொத்தமே ஒரு பக்கத்துக்குச் சற்று மிகும். டி.என்.ஏ.வுக்கு ஓர் அமைப்பை முன்மொழிய விரும்புகிறோம் என்பது முதல் வாக்கியம். அடுத்த பத்தியிலேயே வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியும் முன்வைத்த மூன்று இழை அமைப்புக்கு வந்துவிடுகிறார்கள். கையெழுத்துப் படியை முன்கூட்டியே தந்ததற்கு நன்றி சொல்கிறார்கள். உடனே, அந்த அமைப்பு திருப்தி தரவில்லை என்று இரண்டு காரணம் காட்டுகிறார்கள்: ஒன்று, அமில ஹைட்ரஜன் இல்லாமல், அதிலும் அச்சுக்கு அருகிலுள்ள எதிர்மின் பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று தள்ளும்போது, அந்த இழைகளை எந்த விசை சேர்த்துப் பிடிக்கும் என்பது விளங்கவில்லை; இரண்டு, சில அணுக்களுக்கு இடையிலான தொலைவு அளவுக்கு மீறிச் சிறிதாக இருக்கிறது. அப்புறம்தான் தங்கள் அமைப்பு. யாரையும் தாழ்த்தவில்லை, எதையும் மழுப்பவும் இல்லை. இடைவெளியை இரண்டு காரணமாக எண்ணிச் சொல்ல முடிந்தது என்பதைக் கவனியுங்கள். உங்களுடையதையும் அப்படி எண்ணிச் சொல்ல முடிகிறதா?

இன்னொன்று நமக்கு நெருக்கமானது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமனும் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் 1928 மார்ச் 31 நேச்சர் இதழில் வெளியிட்ட கடிதம். எக்ஸ் கதிர் சிதறலில் இயற்பியலாளர் காம்ப்டன் கண்ட இரு வகைகளில், அலைநீளம் மாறாதது அணுக்களின் சராசரி நிலையையும் அலைநீளம் மாறியது அவற்றின் ஏற்ற இறக்கங்களையும் குறிப்பதாகக் கொண்டால், சாதாரண ஒளியிலும் இரண்டு வகைச் சிதறல் இருக்க வேண்டும் என்று தொடங்குகிறது. தெரிந்ததும் இனித் தேட வேண்டியதும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. வாசகர் "அப்படியானால் இருக்கிறதா?" என்று கேட்கும் நேரத்தில், அதைச் சோதிக்க வேண்டும் என்று அடுத்த வரியும், சோதனை அதை உறுதி செய்தது என்று அதற்கடுத்த வரியும் சொல்கின்றன. சுமார் அறுபது திரவங்களைச் சோதித்த உழைப்பு பிறகுதான் வருகிறது. நாமாக இருந்தால் அறுபது திரவங்களின் பட்டியலிலிருந்து ஆரம்பித்திருப்போம்.

அறிகுறி: முந்தைய ஆய்வுகள் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கின்றன

"அ (2009) நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதாகக் கூறுகிறார். ஆ (2012) பள்ளிக் குழந்தைகளின் பற்களை ஆராய்ந்துள்ளார். இ (2015) வடிகட்டும் முறைகளை ஒப்பிட்டுள்ளார்."

பெயர்களையும் ஆண்டுகளையும் அடித்துவிட்டுப் படியுங்கள். மிச்சம் இருப்பதில் ஒரு வாதம் தெரிய வேண்டும். மேலே உள்ளதில் தெரியவில்லை.

இதற்குக் கணினியை மூடிவிட்டுத் துண்டுச்சீட்டில் வேலை செய்வதே நல்லது. ஒரு கட்டுரைக்கு ஒரு சீட்டு. அதில் எதை அளந்தார்கள், என்ன கண்டார்கள் என்று ஒரே வரி. பிறகு சீட்டுகளை மேசையில் பரப்பிக் குவியல் குவியலாகச் சேருங்கள். மாதிரிக்கு மூன்று குவியல் வரும்: நீரை அளந்தவை, பல்லையும் எலும்பையும் அளந்தவை, சமைத்த உணவை அளந்தவை. இப்போது குவியலுக்கு ஒரு வாக்கியம் எழுதுங்கள். வாக்கியத்தின் எழுவாய் ஆளாக இருக்கக் கூடாது, கண்டுபிடிப்பாக இருக்கட்டும்: "கிணற்று நீரில் ஃபுளோரைடு எங்கெங்கே மிகுதி என்பது விரிவாக அளக்கப்பட்டுள்ளது (அ 2009; ஈ 2011; உ 2016)." மூன்றாவது குவியலில் சீட்டு குறைவாக இருந்தால் அந்த மெலிவே இடைவெளிக்கு வழி காட்டும். முந்தைய அறிகுறியும் இதுவும் பல நேரங்களில் ஒன்றாகவே குணமாவதற்குக் காரணம் இதுதான்.

எந்தக் குவியலிலும் சேராத சீட்டை வெளியே வைத்துவிடுங்கள். படித்தோம் என்பதற்காக மேற்கோள் காட்ட வேண்டியதில்லை. படிக்காததைக் காட்டவே கூடாது.

அறிகுறி: முன்னுரை புகழுரையாக இருக்கிறது

தமிழ்த்துறைக் கட்டுரைகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன், அக்கறையோடுதான் சொல்கிறேன். "உலகின் தொன்மையான மொழிகளுள் ஒன்றான தமிழின் பெருமைக்குச் சான்றாக விளங்குவது சங்க இலக்கியம். அவற்றுள் 'நல்ல' என்ற அடைமொழி பெற்ற குறுந்தொகையில் தோழி பெறும் இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்." பெருமையை ஏற்காதவர் யார்? ஏற்றுக்கொண்டுவிட்ட ஒன்றை மறுபடி நிறுவுவதில் அரைப் பக்கம் போகிறது. தோழியைப் பற்றி என்ன கேள்வி என்பது கடைசி வரை வருவதில்லை.

நம் மரபு இதைவிடக் கறாரானது. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் தந்த சிறப்புப் பாயிரம் வட வேங்கடம் தென்குமரி என்று எல்லையை வரையறுக்கிறது. வழக்கும் செய்யுளும் என்று தரவு எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. எழுத்தும் சொல்லும் பொருளும் என்று பரப்பைச் சொல்கிறது. "முந்துநூல் கண்டு" என்று முந்தைய ஆய்வையும் விடவில்லை. பாயிரத்தில் இருக்க வேண்டியவை எவை என்று நன்னூல் எட்டை எண்ணித் தருகிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இவற்றில் வழி, எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய ஐந்தையும் உங்கள் வரைவின் ஓரத்தில் எழுதி, எந்த வாக்கியம் எதற்கு வேலை செய்கிறது என்று கோடு இழுத்துப் பாருங்கள். எதற்கும் கோடு போகாத வாக்கியம் வெளியே போகலாம்.

தோழிக் கட்டுரையை இப்படி மாற்றலாம்: "குறுந்தொகைப் பாடல்களில் இது தோழி கூற்று என்று நாம் அறிவது பெரும்பாலும் பாடலோடு வரும் கூற்றுக் குறிப்பால். குறிப்பை மறைத்துவிட்டுப் பாடலை மட்டும் படித்தால், பேசுவது தோழியா தலைவியா என்று சொல்ல முடியாத இடங்கள் உண்டு. குறிப்பை அப்படியே ஏற்று எண்ணும் ஆய்வுகள் தோழியின் குரலைப் பற்றிச் சொல்வது, அந்த இடங்களில் குறிப்பெழுதியவரின் முடிவையே திருப்பிச் சொல்வதாகிவிடும்." இப்போது எனக்கு மேலே படிக்க வேண்டும் போல இருக்கிறது. எந்தெந்தப் பாடல்கள்?

அறிகுறி: முன்னுரை ஒன்றைக் கேட்கிறது, முடிவுரை வேறொன்றுக்குப் பதில் சொல்கிறது

ஆய்வு நடக்கும்போது கேள்வி நகரும், அது இயல்பு. முன்னுரையை முதலாம் ஆண்டில் எழுதிவிட்டு அதன்பின் தொடாமல் இருப்பதுதான் சிக்கல். முன்னுரையின் கேள்வி வாக்கியத்தையும் முடிவுரையின் முதல் வாக்கியத்தையும் ஒரே தாளில் மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள். வினைச்சொற்களை ஒப்பிடுங்கள். மேலே "விளைவுகளை ஆராய்கிறது" என்று இருந்து கீழே "எந்த நீர் எடுக்கப்படுகிறது என்பதைக் கணக்கிட்டது" என்று இருந்தால், நீங்கள் விளைவை ஆராயவில்லை. மேல் வரியைத் திருத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. கேள்வியைத் தெளிவாக்குவது வேறு, முடிவு தெரிந்த பிறகு அதையே முதலிலிருந்து எதிர்பார்த்ததாகக் கருதுகோளை மாற்றி எழுதுவது வேறு. இரண்டாவது நேர்மையில்லை. எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால் அதை அப்படியே எழுதுங்கள்.

அறிகுறி: நீளம், பெருமிதம்

கேள்வி முதல் பக்கத்தில் வரவில்லையா? நீளம் அதிகம். முறைகளின் நுட்பம், கருவியின் பெயர், மாதிரி எண்ணிக்கை எல்லாம் முன்னுரைக்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள். அவற்றை முறையியல் பகுதிக்கு அனுப்புங்கள். "முதன்முறையாக", "புரட்சிகரமான", "தலைசிறந்த" போன்ற சொற்களைத் தேடி எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை

முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். கடைசியிலிருந்து மேலே ஏறுங்கள். நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதை, வீட்டில் அக்காவோ அப்பாவோ கேட்டால் சொல்வது போல ஒரு வரி எழுதுங்கள். "குழாய்த் தண்ணி வந்த பிறகும் சோத்துக்கு எந்தத் தண்ணி எடுக்கிறாங்கன்னு பார்த்தேன்." பேச்சு நடையிலேயே இருக்கட்டும். அதற்கு மேல், இது தெரியாவிட்டால் எந்தக் கணக்கு தவறும் என்பதை எழுதுங்கள். அதற்கும் மேல், குவியலுக்கு ஒன்றாக மூன்று வாக்கியம். எல்லாவற்றுக்கும் மேலே ஊரும் அளவும் வரும் ஒரு வாக்கியம். பிறகு மேலிருந்து கீழாக எழுத்து நடைக்கு மாற்றுங்கள்:

"தருமபுரி மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைடு, வேறு நீர் கிடைக்காத இடங்களுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லையான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது. கிணற்று நீரின் அளவுகளும், பற்களிலும் எலும்புகளிலும் அதன் பாதிப்பும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. சமைத்த உணவு வழியாக உட்செல்லும் அளவைப் பற்றிய ஆய்வுகள் குறைவு. ஒகேனக்கல் திட்டத்தின் நீர் வந்தபின், குழாய் நீரின் அளவை மட்டும் கொண்டு உட்கொள்ளும் ஃபுளோரைடு குறைந்துவிட்டதாகக் கொள்ள முடியாது; சமையலுக்கு எடுக்கப்படும் நீர் எது என்பது தெரியாதவரை அந்தக் கணக்கு முழுமை பெறாது. இக்கட்டுரை, குழாய் இணைப்புள்ள வீடுகளில் சமையலுக்குப் பயன்படும் நீரையும் அதில் வெந்த சோற்றிலுள்ள ஃபுளோரைடையும் அளக்கிறது."

முதல் இரண்டு குவியலும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்துவிட்டதால் ஐந்து வாக்கியம். மேற்கோள்களைச் சேர்த்து, தேவைப்படும் இடத்தில் ஒவ்வொன்றையும் ஒரு பத்தியாக விரித்தால் முன்னுரை தயார். இரவு எழுதினால் காலையில் ஒரு முறை சத்தமாகப் படித்துவிட்டு அப்புறம் நெறியாளருக்கு அனுப்புங்கள்.